தடுப்புக்கு மேல

நான் விமானம் ஓட்டியவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் பாதிப்பேர் இன்றைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பைலட் வீடு எது என்று யாராவது கேட்டால் முக்குக் கடைக்காரர் என் வீட்டைத்தான் கை காட்டுவார். மறுத்து மறுத்து எனக்கு வாய் வலித்துவிட்டது. நான் விமானப்படையில் புகைப்படப் பிரிவில் இருந்தேன். ஓட்டுகிறவருக்குப் பின்னால் உட்கார்ந்து போய், எடுக்கச் சொன்னதைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து இறங்குகிறவன். என் உத்தியோகம் அவ்வளவுதான்.

ஜெட் விமானத்தின் பின்னிருக்கையில் முதன்முதலாக ஏறிய அன்று, பைலட் என் பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, எதையும் தொடாதே, கேட்டாலொழியப் பேசாதே என்றார். பிறகு ஒரே ஒரு சொல்லைச் சொல்லிக் கொடுத்தார். அந்தச் சொல்லை அவர் சொன்னால் என் கால்களுக்கு நடுவில் இருக்கும் கைப்பிடியை நான் இழுக்க வேண்டும். இழுத்தால் இருக்கையோடு என்னை வெளியே எறிந்துவிடும். அன்று நான் வானத்தையும் பார்க்கவில்லை, பூமியையும் பார்க்கவில்லை. இரைச்சலுக்கு நடுவே காதில் விழுகிற ஒவ்வொரு சொல்லும் அந்தச் சொல்தானா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் தொண்டையைக் கனைத்தால்கூட என் கை கைப்பிடிக்குப் போனது. விமானம் சாய்ந்து திரும்பும்போது மடியில் ஒரு ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி பாரம் அழுத்தும். கேமரா அம்மிக்கல்லாகக் கனக்கும். அப்போதும் வலது பக்கம் பறக்கிற இன்னொரு விமானத்தைப் படம் எடுத்தாக வேண்டும்.

ஒருமுறை தரையிறங்குகிற நேரத்தில் ஏதோ பெரிய பறவை வந்து மோதியது. டம் என்று ஒரு சத்தம், பிறகு இறைச்சி கருகுகிற வாடை. பைலட் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. சக்கரம் தரையைத் தொட்டு, வண்டி நின்று, தீயணைப்பு வண்டி பக்கத்தில் வந்த பிறகுதான் வாயைத் திறந்தார். படம் எல்லாம் வந்திருக்கிறதா என்று கேட்டார். நான் அந்தச் சத்தத்துக்குப் பிறகு கண்ணையே திறக்கவில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

ஹெலிகாப்டர் வேறு ரகம். கதவைக் கழற்றிவிட்டு, இடுப்பில் கட்டிய வாரைத் தரையில் கோத்துவிட்டு, காலை வெளியே தொங்கவிட்டபடி உட்காரச் சொல்வார்கள். பனிமலைகளுக்கு நடுவே, இறக்கைக்கும் பாறைக்கும் இடையில் ஒரு மாட்டுவண்டி போகிற இடம்கூட இல்லாத பள்ளத்தாக்குகளில் அப்படி உட்கார்ந்து போயிருக்கிறேன். போகப் போகப் பயம் விட்டுப்போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்குக் கடைசி நாள் வரைக்கும் விடவில்லை. பயத்தைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே வேலை பார்க்கப் பழகியது, அவ்வளவுதான். கூடவே ஹிந்தியும் பழகியது. காதுக்குள் வருகிற கட்டளைக்கு நினைக்காமலே பதில் சொல்கிற அளவுக்குப் பழகியது.

ஓய்வு பெற்று வந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஸ்டுடியோ வைத்தேன். கல்யாண மண்டபங்களில் ட்ரோன் பறக்க ஆரம்பித்ததும் மூடிவிட்டேன். வானத்திலிருந்து படம் எடுக்கிற என் பிழைப்பை ஒரு பொம்மை வந்து பிடுங்கிக்கொண்டதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. என் மனைவிக்குச் சொந்த ஊர் தேவதானம். அவளுடைய தம்பி அங்கே மலையடியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறான். விசேஷ வீடுகளில் நாலு பேர் கூடிவிட்டால் என்னைக் கேலி செய்வதுதான் அவனுக்கு வேலை. எங்கள் அத்தான் ஏரோப்ளேனில் லிப்ட் கேட்டுப் போனவர் என்பான். நீ உன் தோப்பில் ஒரு மரமாவது ஏறியிருக்கிறாயா என்று நானும் திருப்பிக் கொடுப்பேன். மைத்துனன் என்றால் அந்த உரிமை இருக்கத்தானே செய்யும்.

அந்தக் கார்த்திகையில் தெற்கே விடாமல் மழை. வெள்ளம் சூழ்ந்த ஊர்களுக்குச் சோற்றுப் பொட்டலம் போடுவதற்காக ஒரு ராணுவ ஹெலிகாப்டர் வந்து, ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு கல்லூரி மைதானத்தில் நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. அதற்கான எண்ணெய் லாரியும் மைதானத்து ஓரத்தில் நின்றது. ஹெலிகாப்டர் சத்தம் வீட்டுக்குக் கேட்கும்போதெல்லாம் என் கை தானாக இடுப்பு வாரைத் தேடும். மனைவி பார்த்துவிட்டுச் சிரிப்பாள்.

மழை சற்று விட்ட ஒரு காலையில் மைத்துனனும் தோப்பில் வேலை பார்க்கிற ஒருவரும் மலைக்குப் போயிருக்கிறார்கள். ஓடையில் சின்னத் தடுப்பு ஒன்று கட்டி, அதிலிருந்து தோப்புக்குக் குழாய் இறக்கியிருந்தான். குழாய் பிடுங்கிக்கொண்டதா என்று பார்க்கப் போனவர்கள் ஓடையைத் தாண்டி அந்தப் பக்கம் நின்றபோது, மலையில் எங்கோ பெய்த மழை மொத்தமாக இறங்கிவிட்டது. மதியத்துக்கு எனக்குப் போன் வந்தது.

"அத்தான், தண்ணி வந்துருச்சு. தடுப்புக்கு மேல பாறையில கெடக்கோம். எனக்குக் கால் முறிஞ்சு எலும்பு வெளிய தெரியுது. வெரசா யாரையாச்சும் அனுப்புங்க."

அதோடு இணைப்பு போய்விட்டது. திரும்ப அடித்தால் மணியே போகவில்லை. அவனுக்குச் சர்க்கரை வேறு உண்டு. ரத்தம் போய்க்கொண்டிருந்தால் எவ்வளவு நேரம் தாங்குவான் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. தீயணைப்புக்காரர்களும் ஊர் ஆட்களும் கயிறு கட்டி ஓடையில் இறங்கிப் பார்த்துவிட்டு, நெஞ்சளவு தண்ணீர் ஆளை உருட்டுகிறது என்று கரையேறிவிட்டார்கள். மலை உச்சியில் மேகம் இறங்கத் தொடங்கியிருந்தது. அது தடுப்பு வரைக்கும் இறங்கிவிட்டால் அப்புறம் ஹெலிகாப்டரும் போக முடியாது.

வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் ஹெலிகாப்டர்காரர்களிடம் பேசிச் சம்மதிக்க வைத்திருந்தார். அவர்களில் யாருக்கும் தமிழ் தெரியாது, மலையும் தெரியாது. கூட ஒரு ஆள் வேண்டும் என்றார்களாம். இங்கே ஒரு பைலட் வீடே இருக்கிறது என்று யாரோ சொல்ல, ஜீப் என் வாசலில் வந்து நின்றது. வாழ்நாளில் முதல்முறையாக அந்தப் பட்டத்தை நான் மறுக்கவில்லை.

மைதானத்தில் என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். தம்பியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னாள், அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பக்கத்தில் இன்னொரு பெண் மழைக்கு உரச்சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அவள் யார் என்று நான் கேட்கவில்லை. தலையில் ஹெல்மெட்டை மாட்டி ஏற்றிவிட்டார்கள். இரண்டு பைலட்டுகள், கயிற்றை இறக்கி ஏற்றுகிற வீரர் ஒருவர், பின்னால் நான். எரியெண்ணெய் வாடை மூக்கில் ஏறியதும் நடுவில் போன வருஷங்கள் இல்லாமலே போயின.

எங்கே என்று பைலட் ஹிந்தியில் கேட்டார். தேவதானத்துக்கு மேற்கே ஓடையைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு தடுப்பு வரும், அதற்கு மேலே, 'ஊப்பர்' என்றேன். ஓடை வருகிற திசையில் ஏற வேண்டுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கேட்ட கேள்விக்கு நினைக்காமலே பதில் சொல்லிப் பழகிய வாய்.

தென்னந்தோப்புகள் முடிந்து மலை தொடங்கியது. ஓடை செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு இறங்கியது. தடுப்பு தெரியவில்லை, அது இருந்த இடத்தில் தண்ணீர் ஒரு திண்டில் ஏறிக் குதித்தது, குழாயின் ஒரு துண்டு மரத்தில் சிக்கி ஆடியது. அதைத் தாண்டி மேலே ஏறினோம். பள்ளத்தாக்கு குறுகிக்கொண்டே வந்தது. கயிற்று வீரர் கதவுக்கு வெளியே தலையை நீட்டி, இடது பக்கம் இடம் இருக்கிறது, வலது பக்கம் இடம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு வலது பக்கம் குறைகிறது என்றார். இறக்கைக் காற்றில் மரங்கள் தலைவிரித்து ஆடின. ஒவ்வொரு பாறையாகப் பார்த்தேன். ஆள் இல்லை. மேகத்தின் அடிவயிறு கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றதும் திரும்பினோம்.

இன்னொரு தடவை பார்க்கலாம் என்று கெஞ்சினேன். மறுபடியும் தடுப்பைத் தாண்டி ஏறினோம். இந்தத் தடவை மேகம் இன்னும் கீழே இருந்தது. ஒரு கணம் கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. பைலட் பேச்சை நிறுத்தினார். அந்த மௌனம் எனக்குத் தெரிந்த மௌனம்தான். வெள்ளை விலகியபோது மரங்கள் நான் எதிர்பார்த்ததைவிடப் பக்கத்தில் இருந்தன. எண்ணெய் குறைவதை இன்னொரு பைலட் சொன்னார். அவர்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கலாம் என்றும் மெதுவாகச் சொன்னார். என் மனைவியிடம் போய் என்ன சொல்வேன் என்பதைத் தவிர வேறு எதுவும் மண்டையில் ஓடவில்லை.

திரும்புவதற்காகத் தடுப்புக்கு வந்தோம். பைலட் வழக்கம்போல் தன் திசையை அறிவித்தார். ஒரு சுற்று எடுத்துக்கொள்ள வெஸ்டில் திரும்புகிறேன் என்றார்.

வெஸ்ட் என்றால் மேற்கு. மேற்கு என்றால் எங்கள் ஊரில் மேல.

எங்கள் பக்கத்தில் எதற்கும் திசையைத்தான் சொல்வோம். சோற்றுப் பானையை நகர்த்தச் சொன்னால்கூடச் செத்த மேல தள்ளி வை என்பார்கள். அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் மேலப் பாகம், கீழப் பாகம். மேலத் தெரு ஒன்றும் மாடியில் இல்லை. பிறந்ததிலிருந்து பேசியதை நான் ஹிந்தியில் 'ஊப்பர்' என்று ஆக்கிவிட்டேன். ஊப்பரில் உயரம் மட்டும்தான் இருக்கிறது, திசை இல்லை. அந்த ஓடை மற்ற இடங்களில் கிழக்குப் பார்த்து இறங்கினாலும், தடுப்பு இருக்கிற இடத்தில் மட்டும் வடக்கிலிருந்து தெற்காகத் திரும்பி ஓடுகிறது. அவன் சொன்னது மேலக் கரையை. அவ்வளவு நேரமும் நாங்கள் அவர்களைப் பக்கவாட்டில் கடந்து ஓடையையே பார்த்துக்கொண்டு போயிருக்கிறோம்.

கேட்டாலொழியப் பேசாதே என்பதையெல்லாம் மறந்து, மேற்கு, மேற்குக் கரை, உயரத்தில் இல்லை என்று மூன்று மொழியிலும் கத்தினேன். பைலட் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. வண்டியைச் சாய்த்தார். கரையை ஒட்டிய மரக்கூட்டத்துக்கு அப்பால் ஒரு மொட்டைப் பாறை சரிந்து கிடந்தது. அதில் ஒருவர் சிவப்புத் துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் காலடியில் மைத்துனன் மல்லாந்து கிடந்தான். அசைவு இல்லை.

கயிற்று வீரர் இறங்கினார். நான் கதவோரம் படுத்துக்கொண்டு பார்த்தேன். அவர் குனிந்து தொட்டதும் மைத்துனனின் ஒரு கை மேலே எழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனை மார்போடு கட்டி மேலே கொண்டுவந்து என் பக்கத்தில் கிடத்தினார்கள். உதடு வெளுத்திருந்தது, கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தான், ஹெல்மெட்டுக்குள் இருப்பது யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. கயிறு இரண்டாவது ஆளுக்காக மறுபடி இறங்க வேண்டிய நேரத்தில் பைலட் எண்ணெய் அளவைச் சொன்னார். இனி ஒரு நிமிஷம் நின்றாலும் மைதானம் போய்ச் சேர முடியாது. மேலும் கீழுமாக அலைந்ததில் அந்த இன்னொரு ஆளுக்கான எண்ணெய் போய்விட்டிருந்தது.

பாறையில் நின்றவர் துண்டை வீசவில்லை. நாங்கள் போவதைப் பார்த்துக்கொண்டே கீழே உட்கார்ந்தார்.

மைதானத்தில் ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. என் மனைவி தம்பியோடு ஏறிக்கொண்டாள். எண்ணெய் நிரப்பத் தொடங்கினார்கள். இடம் தெரிந்துவிட்டது, கருவியில் குறித்தாகிவிட்டது, இனி நீங்கள் வர வேண்டியதில்லை என்று பைலட் என்னிடம் மரியாதையாகச் சொன்னார். உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடந்தேன்.

சாக்கைப் போட்டுக்கொண்டு நின்ற பெண் குறுக்கே வந்தாள்.

"சார், எங்க வீட்டு அவியள எங்க?"

அவள் யார் என்று அப்போதுதான் உறைத்தது. நன்றாக இருக்கிறார், வண்டி திரும்பப் போகிறது என்றேன். யாரைச் சொல்கிறாள் என்று அதிகாரி அவள் கணவன் பேரைக் கேட்டார். புருஷன் பேரை வாயால் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. முதலாளி கூடப் போனவர் என்றாள். இன்னொரு முறை கேட்டபோதும் அதையேதான் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, நீங்கள் போகவில்லையா என்றாள். வண்டிக்கே வழி தெரியும் என்றேன்.

"வண்டிக்குத் தெரியும் சார். அவியளுக்கு அந்த ஆளுகளத் தெரியாதே. ராட்டினத்துல ஏறச் சொன்னாலே ஏற மாட்டாவ. தெரிஞ்ச மொகம் இல்லாம கயித்தத் தொடவே மாட்டாவ."

அவள் அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. வாசலில் வைத்த குடத்தை எடுத்துக்கொடு என்பது மாதிரிச் சொன்னாள். மேற்கே பார்த்தேன். மலையில் பாதியைக் காணவில்லை. என் மனைவி பக்கத்தில் இருந்திருந்தால் என்னைப் போகவிட்டிருக்க மாட்டாள், நானும் அதைச் சாக்காக வைத்து நின்றிருப்பேன். திரும்பிப் போய் ஹெல்மெட்டைக் கேட்டேன். பைலட் மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏறச் சொன்னார்.

இந்த முறை நேராகப் போனோம். மேகம் பாறைக்கு மேல் கூரை போட்ட மாதிரி நின்றது, அதற்கும் மரங்களுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் பைலட் வண்டியை நுழைத்தார். இறக்கைகளுக்கு மேலேயே வெள்ளை சுழன்றது. இரண்டு நிமிஷம்தான் என்றார். கயிற்று வீரர் இறங்கிப் பட்டையை நீட்டினார். அவள் சொன்னது சரியாகப் போயிற்று. அந்த மனிதர் பாறையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு தலையை ஆட்டினார். வீரர் ஹிந்தியில் கத்துகிறார், அவர் இன்னும் இறுகக் கட்டிக்கொள்கிறார். ஒரு நிமிஷம் என்றார் பைலட்.

நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். உலகத்துச் சத்தம் மொத்தமும் காதில் இடித்தது. இடுப்பு வாரை நம்பி இடுப்பு வரைக்கும் வெளியே சாய்ந்து, இரண்டு கையையும் நீட்டி, குழந்தையை வா வா என்று கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டேன். அவர் அண்ணாந்தார். தோப்புக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்த முகம். என்னை அடையாளம் கண்டுகொண்டது அவர் கண்ணில் தெரிந்தது. பாறையிலிருந்து ஒரு கையை எடுத்தார். பிறகு இன்னொன்றை எடுத்தார்.

உள்ளே இழுத்துப் போட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். மேகத்துக்கு அடியிலிருந்து வெளியே வந்து, தோப்புகள் தெரிந்த பிறகு என் காதருகே வந்து முதலாளி பிழைத்துவிட்டாரா என்று கேட்டார். தலையாட்டினேன்.

"நீங்க எங்களத் தாண்டித் தாண்டிப் போகையில மொதலாளி அழுதாவ சார். எங்க அத்தான் அதுல இருந்தா நம்மளத் தாண்டிப் போவாவளா, இது வேற வண்டின்னாவ. ரெண்டாந் தடவையும் அப்படித்தான் சொன்னாவ."

அவர் வெளியே பார்த்தார். பிறகு மறுபடி என் காதுக்கு வந்தார்.

"பொறவு அவியளுக்கு நீங்க வந்துட்டீய. எனக்கு யாரு வருவான்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். முதல் தடவை இந்த வண்டியில் ஏறியபோது நான் கூட்டிவரப் போனது ஒரே ஒரு ஆளை. பாறையில் இரண்டு பேர் என்பது தெரியும், ஆனால் என் கணக்கில் ஒருவர்தான் இருந்தார். எத்தனையோ முறை இவர் கையால் இளநீர் வாங்கிக் குடித்திருக்கிறேன். மைதானம் கண்ணில் தெரிந்தது, சாக்கைத் தலையில் போட்ட ஒரு உருவம் தனியாக நின்றது.

அப்போதுதான் அவர் பேரைக் கேட்டேன். சொன்னார், இரைச்சலில் காதில் விழவில்லை. காதை அவர் வாயருகே கொண்டுபோய் மறுபடியும் கேட்டேன்.